மறு: மறு: பாதிக்கொல் செறிவா, முடங்குசெறிவா?

> ரெண்டு சோதனைக்கும் 'பாதிக்கொல் செறிவு'ன்னு ஒரே சொல் போதுமே

ஐயா, பூச்சிமருந்து தண்ணியில எவ்வளவு கலந்தா சோதனை உயிரிகள்ல பாதி சாகும்ங்கற அளவுக்கும் (LC50), எவ்வளவுல பாதி நீந்த முடியாம முடங்கும்ங்கற அளவுக்கும் (EC50) தமிழ்ல ஒரே சொல் போதும்ங்கறீங்க, இதுல எனக்கு உடன்பாடு இல்லீங்க. டாஃப்னியாங்கற சின்ன நன்னீர் உயிரிய வச்சு செய்யற சோதனையில சாவை எண்றதே இல்ல. பிறந்து 24 மணி நேரம் ஆகாத குஞ்சுகள மருந்து கலந்த தண்ணியில 48 மணி நேரம் விட்டுவச்சு, அப்புறம் பாத்திரத்த லேசா ஆட்டிவிட்டு 15 செகண்ட் பாப்பாங்க, அதுக்குள்ள நீந்தலன்னா முடங்கினதா கணக்கு, உணர்கொம்பு மட்டும் அசைஞ்சாலும் முடங்கினதுதான். உசுரோட இருக்கறதுக்குப் போயி 'கொல்'லுன்னு எப்படிங்க எழுதறது?

நம்ம சேலத்துப் பக்கம் மாம்பூ சமயத்துல தத்துப்பூச்சிக்கு இமிடாகுளோபிரிட் அடிக்கறாங்கல்ல, அந்த மருந்துக்கு டாஃப்னியா லேசுல மசியாது, லிட்டருக்குப் பத்து மில்லிகிராமுக்கு மேலயே தாங்கும். ஆனா மேஃப்ளைங்கற பூச்சியோட தண்ணியில வளர்ற குஞ்சுகள 96 மணி நேரம் வச்சுப் பாத்ததுல பாதி முடங்க லிட்டருக்கு சுமார் 1 மைக்ரோகிராமே போதும், பாதி சாக சுமார் 26 வேணும். இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற தண்ணியில குஞ்சுங்க கூட்டமா செத்து மிதக்காது, நரம்பு ஓயாம தூண்டப்பட்டு காலு வெலங்காம போயி, பாறையில இருக்கற பாசியத் தின்ன முடியாம, பிடி விட்டு தண்ணியோட போயிரும், இல்ல மீன் வாயில விழும். கோடை மழை பேஞ்சு தோட்டத்துத் தண்ணி ஓடைக்கு வரும்போது இப்படி ஆயிட்டா யாரு கண்ணுக்கும் படாதுங்க. நாம கொல்செறிவு 26ன்னு மட்டும் போட்டா, படிக்கறவங்க அதுக்குக் கீழ ஒண்ணும் ஆகாதுன்னுதான் எடுத்துக்குவாங்க. அதனால 'பாதி முடங்குசெறிவு'ன்னு தனியா ஒரு சொல் வேணும்ங்கறேன்.

----

அண்ணா, முடங்குசெறிவு நல்லா இருக்கு, கேட்டதும் புரியுது. ஆனா 'பாதி'ய எடுத்துருங்கண்ணா. பாதிக்கொல்னா நூறுல அம்பது செத்துச்சுன்னு யாருக்கும் தோணாது, ஒவ்வொண்ணும் குத்துயிரும் குலையுயிருமா கெடக்குதுன்னுதான் தோணும். பள்ளிக்கூடத்துல 'அரை ஆயுட்காலம்' பழகினதால 'அரை' போடலாம்னு போன வாரம் ஒருத்தர் சொன்னாரு, அதுலயும் இதே சிக்கல்தான்.

எண்ணைப் பின்னாடி ஒட்டிடலாம். கொல்செறிவு-50, முடங்குசெறிவு-50. இதுல இன்னொரு வசதி, நூத்துல பத்து மட்டும் முடங்கற அளவச் சொல்ல முடங்குசெறிவு-10ன்னு அப்படியே எழுதிக்கலாம், நீண்ட நாள் சோதனைக்கெல்லாம் அந்தப் பத்துதான் தேவைப்படுது, 'பாதி'ய வச்சுக்கிட்டு அதுக்கு எங்க போறது?

ஆனா எந்த உயிரி, எத்தன மணி நேரம்ங்கறது கூடவே வரணும்ணா, ஏற்காட்டு காப்பித் தோட்டக்காரங்களுக்குப் போடற கையேட்டுலயும் அத விடக்கூடாது. டாஃப்னியா எண்ணை மட்டும் காட்டினா இமிடாகுளோபிரிட் சாதுவான மருந்தாட்டம் தெரியும்.

பாசி சோதனைக்கு மட்டும் இன்னும் சொல் அமையல. 72 மணி நேரத்துல வளர்ச்சி எவ்வளவு குறையுதுன்னுதான் அதுல பாக்கறாங்க, அங்க சாவும் இல்ல முடக்கமும் இல்ல. 'குன்றுசெறிவு-50'ன்னு வச்சா சரியா வருமா? மத்தவங்களும் சொல்லுங்க, வேற நல்ல சொல் இருந்தாலும் போடுங்க.