கொச்சிக்குப் பெற்றோருடன்: காரா, படகா?

கேள்வி:
வணக்கம். அறுபது வயதைக் கடந்த பெற்றோருடன் இரண்டு நாள்கள் கொச்சிக்குச் செல்ல எண்ணியுள்ளேன். எர்ணாகுளத்தில் தங்கி ஃபோர்ட் கொச்சியையும் மட்டாஞ்சேரியையும் பார்க்க விரும்புகிறோம். வாடகைக் கார் போதுமா?

மறுமொழி 1:
கார் வேண்டாம் என்பதே என் கருத்து. எர்ணாகுளத்திற்கும் ஃபோர்ட் கொச்சிக்கும் இடையே காயல் இருப்பதால், சாலை வழியே பாலங்களைச் சுற்றி, நெரிசலான தெருக்களில் ஊர்ந்துதான் சேர வேண்டியிருக்கும். உயர் நீதிமன்றத்திற்கு அருகிலுள்ள துறையிலிருந்து வாட்டர் மெட்ரோ படகில் ஏறினால் நேராக அக்கரையில் இறங்கிவிடலாம். 2023-இல் தொடங்கிய இச்சேவையின் படகுகள் குளிரூட்டப்பட்டவை. மிதக்கும் துறைமேடை படகின் தளத்தோடு சமமாக இருப்பதால் முதியவர்கள் ஏறி இறங்குவது எளிது. பழைய அரசுப் படகுகளில் கட்டணம் இன்னும் குறைவு, ஆனால் ஏறும்போது கைகொடுக்க ஆள் வேண்டும். அக்கரையில் ஆட்டோ போதும்.

மறுமொழி 2:
கிழமையைக் கவனியுங்கள். மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. 1568-இல் கட்டப்பட்ட பரதேசி யூத ஆலயத்தைச் சனிக்கிழமை பார்க்க இயலாது. இதை அறியாமல் சென்று பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவன் நான். அரண்மனையின் இராமாயணச் சுவரோவியங்களுக்கு மட்டும் ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். வாஸ்கோ ட காமாவை 1524-இல் அடக்கம் செய்த புனித பிரான்சிஸ் தேவாலயமும் சீன மீன்பிடி வலைகளும் ஃபோர்ட் கொச்சியில் ஒன்றுக்கொன்று நடக்கும் தொலைவில் இருப்பதால், அவற்றை மாலையில் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் பயணத்தைச் செவ்வாய், புதன் கிழமைகளுக்கு மாற்றிக்கொள்கிறேன்.