நியூஜெர்சியில் வீட்டுத் தவணை தவறினால்: கடிதம் முதல் ஏலம் வரை

முதலில் ஒரு சொல். நம்மூர் வங்கியில் ‘ஃபோர்குளோஷர்’ என்றால் கடனை முன்கூட்டியே கட்டி முடிப்பது. அமெரிக்காவில் அதே சொல்லுக்குப் பொருள் ஜப்தி. எடிசனில் என் நண்பர் ஒருவர், வேலை போய் மூன்று தவணை நின்றிருந்த நேரத்தில், இந்தச் சொல் இருந்த கடிதத்தைப் பார்த்துவிட்டு, “மொத்தமாக அடைக்கச் சொல்கிறார்கள் போலிருக்கிறது, இப்போது ஏது பணம்?” என்று ஃபிரிட்ஜின் மேல், மளிகைக் கடைக் காலண்டருக்குப் பின்னால் செருகிவைத்தார். பிறகு வந்த பதிவுத் தபால் சீட்டுகளும் அங்கேயே போய்ச் சேர்ந்தன.

அந்தக் கடிதம் வழக்குக்கான முன்னறிவிப்பு. நிலுவை எவ்வளவு, எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும் என்று அதில் இருக்கும். நியூஜெர்சியின் 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, வழக்குப் போடுவதற்குக் குறைந்தது 30 நாள் முன்னதாக அதை அனுப்பியாக வேண்டும். நீங்கள் குடியிருக்கும் வீடென்றால், பொதுவாக நிலுவை 120 நாளைத் தாண்டும்வரை வழக்கே போட முடியாது என்பது அமெரிக்க மத்திய அரசின் விதி.

நம்மில் பலருக்குப் பயம் வருவது ஊர்ப் பழக்கத்தால். அங்கே 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி, வங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, வழக்கு நடத்தித் தீர்ப்பு வாங்காமலே வீட்டைக் கையகப்படுத்தலாம். நியூஜெர்சியில் வங்கி நீதிமன்றத்தில் வழக்கை நடத்தித்தான் ஆக வேண்டும். ஷெரிஃப் என்ற உள்ளூர் அரசு அதிகாரி நடத்தும் ஏலம் முடிந்து பத்திரம் மாறும்வரை வீடு உங்கள் பெயரில்தான் இருக்கிறது. கடிதம் வந்ததும் பெட்டி கட்டாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் சாவியைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டுத் திருச்சிக்கு விமானம் ஏறிவிட்டது. வழக்கு அதன்பிறகும் நடந்துகொண்டிருந்தது. குடியிருப்போர் சங்கக் கட்டணம் மாதாமாதம் அவர்கள் பெயரிலேயே ஏறிக்கொண்டிருந்தது.

சம்மன் கையில் கிடைத்ததும் அதே நாளில் காலண்டரில் இரண்டு தேதிகளைக் குறியுங்கள். பதில் மனு கொடுக்க 35 நாள். வங்கியோடு சமரசப் பேச்சு (மீடியேஷன்) கேட்டு விண்ணப்பிக்க 60 நாள். பதில் மனுவில் “வேலை போய்விட்டது, கஷ்டம்” என்று எழுதினால் நீதிபதி அனுதாபப்படலாம், ஆனால் அது சட்டப்படி எதிர்வாதம் ஆகாது. கட்டிய தவணையை வரவு வைக்கவில்லை, முன்னறிவிப்பே வரவில்லை, தொகை தவறு என்பவைதான் எதிர்வாதம். பதிலே கொடுக்காவிட்டால், வழக்கு எதிர்ப்பில்லாத வழக்காக மாநிலத் தலைநகர் டிரென்டனில் இருக்கும் நீதிமன்ற அலுவலகத்துக்குப் போய், காகிதத்திலேயே தீர்ப்பாகிவிடும். என் கணிப்பில், வலுவான எதிர்வாதம் இல்லாத குடும்பத்துக்குச் சமரசப் பேச்சுதான் பயன் தரும். அதற்குக் கட்டணம் கிடையாது. சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், வரித் தாக்கல் எல்லாவற்றையும் சேர்த்து, தவணையை மாற்றியமைக்கும் விண்ணப்பத்தை முழுமையாகக் கொடுங்கள். ஏலத் தேதிக்கு 37 நாளுக்கு மேல் இருக்கும்போது முழு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தால், அதற்குப் பதில் சொல்லும்வரை வங்கி தீர்ப்போ ஏலமோ கேட்கக் கூடாது. ஒரு பக்கம் குறைந்தாலும் ‘முழுமையில்லை’ என்று திருப்புவார்கள். நண்பருக்கு இரண்டு முறை அப்படித் திரும்பியது.

இறுதித் தீர்ப்பு வரும்வரை நிலுவையையும் வழக்குச் செலவையும் கட்டி, கடனைப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். தீர்ப்புக்குப் பின் முழுத் தொகையும் கட்ட வேண்டும். ஏலத்தை நீங்கள் இரண்டு முறை, முறைக்கு 30 நாள் வரை, தள்ளிவைக்கக் கேட்கலாம். ஏலம் முடிந்து 10 நாள் வரைகூட முழுக் கடனையும் கட்டி மீட்க வழியிருக்கிறது. அவ்வளவு பணம் யாரிடம் இருக்கும் என்பது வேறு கேள்வி. கடன்கள் போக ஏலத் தொகையில் மிச்சமிருந்தால் அது வீட்டுக்காரருடையது, ஆனால் நீதிமன்றத்தில் மனு போட்டுக் கேட்டால்தான் வரும்.

எச்1பி என்னும் வேலை விசாவில் இருப்பவர்களுக்குச் சிக்கல் வேறு. வேலை போனால் விசாவுக்கு அதிகபட்சம் 60 நாள் அவகாசம். வங்கி வழக்குப் போடவே அதைப்போல் இரு மடங்கு நாள் ஆகும். அதாவது வீட்டுக்கு முன்னால் விசா முடிந்துவிடும். ஊர் திரும்பியே ஆக வேண்டுமென்றால், வீட்டின் மதிப்பு கடனைவிட அதிகமாக இருக்கும்போதே விற்பனைக்குப் போடுங்கள். விமானம் ஏறுமுன் நம்பகமான ஒருவருக்கு நோட்டரி முன்னிலையில் அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுங்கள்.

வழக்குப் பொதுப் பதிவேட்டில் ஏறியதும், “வீட்டைக் காப்பாற்றித் தருகிறோம்” என்று தமிழில் பேசிக்கொண்டுகூட ஆள் வருவார்கள். முன்பணம் கேட்டாலோ, பத்திரத்தைத் தற்காலிகமாக மாற்றித் தரச் சொன்னாலோ கதவைச் சாத்துங்கள். அமெரிக்க மத்திய வீட்டுவசதித் துறை (HUD) அங்கீகரித்த ஆலோசகர்கள் இதே உதவியைக் காசில்லாமல் செய்கிறார்கள்.

டெக்சாஸிலும் இதே கணக்குத்தானா என்று அங்கிருந்து கேட்ட தம்பிக்கு: மேலே சொன்ன நியூஜெர்சிக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. அங்கே பெரும்பாலும் நீதிமன்றமே கிடையாது. நிலுவையைக் கட்ட 20 நாள் நோட்டீஸ், பிறகு ஏலத்துக்கு 21 நாள் நோட்டீஸ், மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை ஏலம். கடிதம் கையில் இருந்தால் இன்றைக்கே வக்கீலைப் பாருங்கள்.