பூங்கா ஓரத்துப் பழைய வீடு, இரண்டு வயதுக் குழந்தை: முன்பணம் கொடுக்கும் முன் என்ன பார்க்கணும்?

மரநிழல்:
நூறு வயது தாண்டிய வீடு, எதிரிலேயே பூங்கா. வாங்கலாம் என்று இருக்கிறோம். ஒரு சுவரின் அடியில் உப்புப் பூத்திருக்கிறது, ஜன்னல் சட்டத்தில் பெயின்ட் உரிகிறது. எதை முதலில் சோதிப்பது?

வண்ணக்கலவை:
பெயின்ட்தான் முதலில். அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருப்பது சகஜம். உரிந்து தொங்கும் செதிலைவிட, ஜன்னலைத் திறந்து மூடும்போது உரசி உதிரும் தூள் மோசமானது. தரையில் படியும், குழந்தை கையோடு வாய்க்குப் போகும். ஜன்னல் சட்டத்தில் மரம் தெரியும்வரை ஒரு துண்டு பெயர்த்து ஆய்வகத்தில் கொடுங்கள். ஈயம் பெரும்பாலும் அடி அடுக்கில்தான் இருக்கும். இருந்தால் உலர்ந்த மரத்தில் உப்புத்தாள் போடவே விடாதீர்கள். குடிபோகும் முன்பே, நனைத்துச் சுரண்டி, ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். பெருக்கினால் தூள் பறக்கும்.

தண்ணீர்க் குழாயையும் பாருங்கள். சாம்பல் நிறக் குழாயை நாணயத்தால் கீறினால் வெள்ளியாகப் பளபளத்து, காந்தமும் ஒட்டாவிட்டால் அது ஈயக் குழாய். கொதிக்கவைத்தாலும் தண்ணீரில் உள்ள ஈயம் போகாது. குழாயை மாற்றித்தான் ஆகணும்.

சுண்ணாம்புக்காரை:
அந்தச் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பொள்ளலாகச் சத்தம் வந்தால், பூச்சு சுவரைவிட்டுப் பிரிந்திருக்கிறது. பழைய சுண்ணாம்புச் சுவர்மேல் யாரோ சிமென்ட் பூசியிருக்கலாம். சுண்ணாம்பு தான் உறிஞ்சிய ஈரத்தைக் காற்றில் விட்டுவிடும். சிமென்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும், ஈரம் இன்னும் மேலே ஏறும். மூலகாரணம் பெரும்பாலும் வெளியில்தான்: சாலை மேல் சாலை போட்டுத் தெரு மட்டம் வீட்டுத் தரையைவிட உயர்ந்திருக்கும், அல்லது மழைநீர்க் குழாய் உடைந்து சுவரடியில் கொட்டும். முதலில் அதைச் சரிசெய்துவிட்டு, சிமென்டைக் கொத்தி எடுத்து, மாதக்கணக்கில் உலரவிட்டு, சுண்ணாம்பே பூசுங்கள். விற்பவர் இப்போதுதான் வெள்ளையடித்திருந்தால், நல்ல மழை பெய்த பிறகு இன்னொரு முறை போய்ப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கைப்பிடிச்சுவர்:
மாடிக் கைப்பிடிக் கம்பிகளின் இடைவெளி 10 செ.மீ.க்கு மேல் இருந்தால் குழந்தை நுழைந்துவிடும். பாரம்பரியப் பட்டியலில் உள்ள வீடென்றால் கம்பியை மாற்ற அனுமதி வாங்க வேண்டியிருக்கும். கழற்றக்கூடிய வலையை உட்புறம் கட்டுவது சுலபம். மின்பலகையில் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் (மின்சாரம் கசிந்தால் தானாகவே இணைப்பைத் துண்டிக்கும் கருவி, RCCB) இல்லையென்றால் உடனே போடுங்கள்.

பூங்காவில் ஊஞ்சல், சறுக்குமரத்துக்கு அடியில் மணல் 30 செ.மீ. ஆழமாவது வேண்டும், குச்சி செருகினால் தெரிந்துவிடும். பூங்கா ஓரம் என்று ஆசைப்படுவோர் மறப்பது மரவேரை. பழைய மண்குழாய்ச் சாக்கடையின் இணைப்புகளில் புகுந்து அடைத்துவிடும். கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.