கீமோ நடக்கும்போது மஞ்சள் மாத்திரையும் முள்சீத்தா கஷாயமும் கொடுக்கலாமா?

பவானிக்காரன்:
வணக்கம். அம்மாவுக்கு 58 வயசு. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிஞ்சு இப்ப வாரம் ஒரு தடவை பாக்ளிடாக்செல்ங்கற கீமோ மருந்து ஏத்தறாங்க. 12-ல 4 முடிஞ்சிருக்கு. போன ஞாயித்துக்கிழமை சின்னம்மா ஒரு பை நிறைய முள்சீத்தா இலையும் ஒரு டப்பா மஞ்சள் மாத்திரையும் கொண்டுவந்து கொடுத்துட்டுப் போனாங்க. கீமோவை விடப் பத்தாயிரம் மடங்கு வேலை செய்யும்னு வாட்ஸப்புல வந்ததாம்.

நேத்து அரிசி எடுக்கப் போனப்பதான் பார்த்தேன், டப்பா அரிசிப் பானைக்குப் பின்னாடி இருக்கு. 60 மாத்திரையில 49 தான் மிச்சம். கேட்டா, "மஞ்சள்தானே கண்ணு, நம்ம ஊர்ல விளையறதுதானே, என்ன பண்ணிரும்?"ங்கறாங்க. எங்கப்பா ஈரோடு மஞ்சள் மண்டியில 30 வருஷம் மூட்டை தூக்கினவர். அந்த வீட்டுல மஞ்சள் ஆகாதுன்னு எப்படிச் சொல்றது?

லேபிள்ல குர்குமின் 500 மி.கி., மிளகுச் சத்து 5 மி.கி.ன்னு போட்டிருக்கு. நிறுத்தணுமா? எனக்கும் தங்கச்சிக்கும் வராம இருக்க என்ன சாப்பிடறதுன்னும் சொல்லுங்க.

பழைய மருந்துச்சீட்டு:
தம்பி, இன்னைக்கே நிறுத்துங்க. டப்பாவைத் தூக்கிப் போடாதீங்க. அடுத்த ஊசிக்குப் போகும்போது லேபிளோட டாக்டர்கிட்ட காட்டுங்க. எத்தனை மாத்திரை உள்ளே போச்சுன்னும் சொல்லுங்க. 22 வருஷம் புற்றுநோய் வார்டு மருந்தகத்துல இருந்தவள் நான்.

மஞ்சள் ஆகாதுன்னு அம்மாகிட்ட சொல்லவே வேண்டாம். அளவைச் சொல்லுங்க. மஞ்சள்தூள்ல குர்குமின் சுமார் 3 சதவீதம். குழம்புல போடற ஒரு ஸ்பூன் 3 கிராம்னு வைங்க, அதுல 90 மி.கி. இருக்கும், அதையும் வீட்டுல நாலு பேர் பங்கு போட்டுச் சாப்பிடறோம். இந்த மாத்திரை ஒண்ணுல இருக்கறது அஞ்சாறு ஸ்பூன் தூளோட சத்து. அம்மா ஒரு நாளைக்கு ரெண்டு போட்டிருக்காங்க.

குர்குமின் தனியா உள்ளே போனா ரத்தத்துல லேசுல சேராது. மிளகுல இருக்கற பைப்பரின் கூடப் போனா 20 மடங்கு சேருதுன்னு 1998-ல பெங்களூரு ஆய்வு ஒண்ணு வந்தது. அதனாலதான் மாத்திரையில மிளகுச் சத்தைச் சேர்க்கறாங்க. அந்தப் பைப்பரின், கல்லீரல்ல மருந்துகளை உடைக்கற நொதிகளையும் தடுக்கக்கூடியது. கீமோ மருந்து உடம்புல எவ்வளவு நேரம் நிக்கணும்னு கணக்குப் போட்டு ஏத்தற நேரத்துல அது நடுவுல புகுந்தா யாருக்கும் கணக்கு தெரியாமப் போயிரும்.

ஒரு அம்மா ஞாபகத்துக்கு வர்றாங்க. கண்ணு மஞ்சளாகி வந்தாங்க. கல்லீரல் ரிப்போர்ட் ஏறிக் கிடந்தது, மூணு வாரம் கீமோ தள்ளிப்போச்சு. என்ன சாப்பிட்டீங்கன்னு நாலாவது தடவை கேட்டப்பதான் சுருக்குப்பையிலிருந்து இதே மாதிரி டப்பாவை எடுத்து ஜன்னல் திண்டுல வச்சாங்க. மஞ்சள் மாத்திரையால கல்லீரல் கெட்டவங்களைப் பத்தி இத்தாலியிலும் அமெரிக்காவிலும் மருத்துவ இதழ்கள்ல வந்திருக்கு.

முள்சீத்தா இலையும் வேண்டாம். அதுல அனோனாசின்னு ஒரு நரம்பு நச்சு இருக்கு. கரீபியன் பக்கம் குவாதலூப் தீவுல நடுக்குவாதம் மாதிரி நோய் வந்தவங்க பலர் இந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் வழக்கமா எடுத்தவங்கன்னு 1999-ல எழுதினாங்க. பாக்ளிடாக்செல்லே கை கால் விரலை மரத்துப்போக வைக்கற மருந்து. அது மேல இதையும் ஏன் ஏத்தணும்?

அம்மாவுக்கு ஏறற பாக்ளிடாக்செல்லே ஒரு மரத்துப் பட்டையிலிருந்து வந்ததுதான். பசிபிக் யூ மரம். 1962-ல பட்டை சேகரிச்சாங்க. மன்றோ வால்ங்கற அமெரிக்க விஞ்ஞானியும் நம்ம நாட்டுல பிறந்த மன்சுக் வானியும் 1971-ல அந்த மருந்தோட வேதி அமைப்பைக் கண்டுபிடிச்சாங்க. அமெரிக்காவுல 1992-லதான் அனுமதி கிடைச்சது. அம்மாவோட உயரம், எடை பார்த்து மில்லிகிராம் கணக்குல அளக்கறாங்க. தாவர மருந்துதாம்மா உங்களுக்கு ஏறுதுன்னு சொல்லிப் பாருங்க.

உங்களுக்கும் தங்கச்சிக்கும்: சத்து மாத்திரை வேண்டாம். பின்லாந்துல 29,133 ஆண் புகைப்பிடிப்பவர்களை வச்சு நடந்த ஆய்வுல, கேரட் சத்தான பீட்டா கரோட்டின் எடுத்தவங்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடிப்போச்சு. 1994-ல வந்த முடிவு அது. கேரட் சாப்பிடுங்க, கம்பு, ராகி, கீரை, பருப்பு சாப்பிடுங்க. நார்ச்சத்து குடல் புற்றுநோயைக் குறைக்குதுன்னு நல்ல ஆதாரம் இருக்கு. தங்கச்சி எந்த வயசுல மார்பகப் பரிசோதனை ஆரம்பிக்கணும்னு அம்மாவோட டாக்டரையே கேளுங்க. சாப்பாட்டை விட அது முக்கியம்.

தோட்டத்துச் சமையல்:
அக்கா சொன்னதுக்கு மேல சமையல் விஷயம் மட்டும். முட்டைக்கோஸ், முள்ளங்கி, காலிஃபிளவர் குடும்பத்துல நறுக்கினாத்தான் சத்து உருவாகும். செல் உடையும்போது மைரோசினேஸ்னு ஒரு நொதி வேலை செய்யுது. பிரக்கோலியில இப்படி வர்ற சல்ஃபோராஃபேன்ங்கற சத்தைப் பத்தி அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துல பால் டாலலே குழு 1992-ல எழுதினாங்க. நறுக்கி அரை மணி நேரம் வச்சிட்டு அடுப்புல ஏத்துங்க. கடுகுலயும் அந்த நொதி இருக்கு, ஆனா கொதிக்கற எண்ணெயில வெடிச்சா செத்துரும். நான் பச்சைக் கடுகைக் கொஞ்சம் அரைச்சு, அடுப்பை அணைச்ச பிறகு பொரியல்ல பிசறுவேன், முள்ளங்கிப் பச்சடியிலும் போடுவேன். பூண்டையும் நசுக்கிப் பத்து நிமிஷம் வச்சிட்டுப் போடுங்க. தக்காளித் தொக்கு எண்ணெயில சுருள வதங்கினா அதோட சிவப்புச் சத்தான லைகோபீன் உடம்புல நல்லாச் சேரும்.

கரைவழி:
வீட்டுல யாராவது வெத்தலை பாக்கு போட்டா அதையும் பாருங்க. எங்க அப்பத்தாவுக்குக் கன்னத்துல வந்தது. புகையிலை தொட்டதே இல்ல, வெறும் பாக்குதான். பாக்கே புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லயே வகைப்படுத்திருச்சு. அதுவும் தாவரம்தான்.

பவானிக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. அக்கா, யூ மரத்துக் கதையைச் சொன்னேன். "அப்ப அதுவும் பட்டைக் கஷாயந்தானா?"ன்னு கேட்டுட்டு அம்மாவே டப்பாவை எடுத்து ஆஸ்பத்திரிப் பையில போட்டுட்டாங்க. டாக்டர் கல்லீரல் டெஸ்ட் எழுதியிருக்கார். இலையை இன்னும் கொட்டல, சின்னம்மா மனசு நோகும்ங்கறாங்க. கடுகு போட்ட முள்ளங்கிப் பச்சடி அம்மாவுக்குத் தரலாமா?

பழைய மருந்துச்சீட்டு:
கீமோ முடியற வரைக்கும் பச்சைக் காய் வேண்டாம் தம்பி. வெள்ளை அணு குறையற நாள்ல சின்னக் கிருமியும் தாங்காது. முள்ளங்கியை நல்லா வேகவச்சு சாம்பார்ல போட்டுக் கொடுங்க, மஞ்சள் எப்பவும் போடற அளவு போடுங்க. பச்சடி நீங்களும் தங்கச்சியும் சாப்பிடுங்க. டெஸ்ட் முடிவு வந்ததும் இங்க எழுதுங்க, பார்த்துட்டே இருப்பேன்.