வழுத் திருத்தத்தோடு மாறிப் பெயர்களையும் திருத்தி அனுப்பலாமா?

கேள்வி

வணக்கம். கோப்புகளைத் தரவிறக்க உதவும் ஒரு திறமூலப் பைத்தான் நூலகத்துக்கு என் முதல் புல் ரெக்வெஸ்ட்டை (என் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் கோரிக்கையை) சென்ற வாரம் அனுப்பினேன். வழு சிறியது, நான்கு வரிகளில் சரியாகிவிட்டது. ஆனால் அந்தக் கோப்பு முழுவதும் கேமல் கேஸில் (fileName என்பதுபோல) எழுதப்பட்டிருந்ததால், பைத்தானின் நிரல் நடை வழிகாட்டியான பெப் 8 கூறுகிறபடி எல்லாப் பெயர்களையும் ஸ்நேக் கேஸுக்கு (file_name என்பதுபோல) மாற்றி, அதையும் சேர்த்தே அனுப்பினேன். மதிப்பாய்வு செய்தவர் பெயர் மாற்றங்கள் அனைத்தையும் நீக்கச் சொன்னார். அடுத்த குறிப்பிலேயே, நான் புதிதாகச் சேர்த்த 'டேட்டா', 'டைம்அவுட்' ஆகிய மாறிகளுக்கு வேறு பெயர் வைக்கச் சொன்னார். பெயரை மாற்றாதே என்பதும் மாற்று என்பதும் ஒன்றுக்கொன்று முரணாகத் தெரிகின்றன. எதைப் பின்பற்றுவது?

மறுமொழி 1

நானும் ஒரு சிறிய நூலகத்தைப் பராமரிப்பவன் என்பதால், அவர் இடத்திலிருந்து சொல்கிறேன். நான்கு வரித் திருத்தம் நூறு வரிப் பெயர் மாற்றத்துக்குள் புதைந்துவிட்டால், வழு உண்மையிலேயே தீர்ந்ததா என்று பார்ப்பவரால் உறுதி செய்ய முடியாது. ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவரைக் காட்டும் கிட் பிளேமில், ஒரு வரி ஏன் எழுதப்பட்டது என்று தேடுபவருக்கும் உங்கள் பெயர் மாற்றமே முதலில் வந்து நிற்கும். பெப் 8 ஆவணமே, வெளியில் கூறப்படும் விதியைவிடத் திட்டத்துக்குள் இருக்கும் ஒருமைப்பாடு முக்கியம் என்கிறது. அந்த விதிகளுக்காக மட்டும் பழைய நிரல்களை உடைக்க வேண்டாம் என்றும் கூறுகிறது. பைத்தானின் சொந்த நூலகத்திலேயே லாகிங்கின் 'கெட்லாகர்', யூனிட்டெஸ்ட்டின் 'செட்அப்' ஆகியவை இன்றும் கேமல் கேஸில்தான் இருக்கின்றன.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பைத்தானில் ஒரு ஃபங்ஷனின் அளபுருவை, அதாவது அது பெறும் உள்ளீட்டை, பெயர் சொல்லியும் அழைக்கலாம் என்பதால், அந்தப் பெயர் உங்களுடையது மட்டுமன்று. அந்த நூலகத்தைப் பயன்படுத்தும் முகம் தெரியாத பலருடையதும் ஆகும். நீங்கள் அதை மாற்றினால் அவர்களுடைய நிரல் டைப்எரர் என்ற பிழையைக் காட்டி நின்றுவிடும். பைத்தான் 3.8 முதல் அளபுருப் பட்டியலில் சாய்கோடு (/) இட்டு, சில அளபுருக்களைப் பெயர் சொல்லி அழைக்க முடியாதபடி செய்யலாம். பழைய ஃபங்ஷன்களில் அந்தப் பாதுகாப்பு இருக்காது. வெளியே போன பெயரைத் திரும்ப அழைப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு வலைத்தளங்களோடு உலாவி பேசும் நெறிமுறையான எச்டிடிபியின் 'ரெஃபரர்' தலைப்பே சான்று. ஓர் 'ஆர்' எழுத்து விடுபட்டு 1996இல் ஆர்எஃப்சி 1945 என்ற எச்டிடிபி ஆவணத்தில் பதிந்துவிட்ட அந்தப் பிழையான எழுத்துக்கோவையைத்தான் உலாவிகள் இன்றும் அனுப்புகின்றன.

மறுமொழி 2

இரண்டாவது குறிப்பு வேறு வகையானது. கேமல் கேஸா ஸ்நேக் கேஸா என்பது பெயரின் வடிவம். 'டேட்டா' என்பதில் குறைவது பொருள். இரண்டையும் பிரித்துப் பார்த்தால் முரண் நீங்கிவிடும்.

எல்லாப் பெயரும் நீளமாக இருக்க வேண்டும் என்பதில்லை. சுழலை எண்ணும் மாறிக்கு 'ஐ' என்ற ஓரெழுத்தே போதும் என்று லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் நிரல் நடை வழிகாட்டி சொல்கிறது. கோ என்ற நிரல்மொழியினர், ஒரு பெயர் அறிவிக்கப்பட்ட இடத்துக்கும் பயன்படும் இடத்துக்கும் தொலைவு கூடக்கூட அது விளக்கமாக இருக்க வேண்டும் என்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

'டைம்அவுட்' பற்றிய குறிப்பை இன்னும் கவனமாக எடுத்துக்கொள்ளுங்கள். பைத்தானின் 'டைம்.ஸ்லீப்' நொடிகளை எதிர்பார்க்கிறது. ஜாவாஸ்கிரிப்டின் 'செட்டைம்அவுட்' மில்லிநொடிகளை எதிர்பார்க்கிறது. மாறியின் வகையை (எண்ணா எழுத்தா என்பதை) பெயரில் எழுதுவதைக் கெர்னல் வழிகாட்டி கண்டிக்கிறது, ஏனெனில் அதை நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலர் ஏற்கெனவே அறியும். அலகு அப்படியன்று, இரண்டும் வெறும் எண்களாக இருக்கும்போது நொடியா மில்லிநொடியா என்பதைப் பெயரைத் தவிர வேறெதுவும் காட்டாது.

மறுமொழி 3

மேலே உள்ளவற்றை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் பராமரிப்பாளர்களுக்கும் ஒரு கடமை உண்டு. ஒரு திட்டத்தில் 'கவுன்ட்' என்று நான் வைத்த பெயரை ஒருவர் 'டோட்டல்' ஆக்கச் சொன்னார்; ஆக்கியபின் இன்னொருவர் பழையதே நல்லது என்றார். எங்கும் எழுதப்படாத விருப்பங்களுக்கு நடுவே என் திருத்தம் மூன்று வாரம் காத்துக் கிடந்தது. ரஸ்ட் நிரல்மொழியில் கம்பைலரே ஸ்நேக் கேஸ் இல்லாத மாறிகளை எச்சரிக்கிறது; பைத்தானுக்கு, நிரலைச் சோதிக்கும் ஃபிளேக்8 உடன் இயங்கி, பெயர்களைச் சோதிக்கும் பெப்8-நேமிங் இருக்கிறது. வடிவத்தைக் கருவியிடம் விட்டுவிட்டால், புதியவரோடு பேசும் நேரத்தைப் பொருளுக்குச் செலவிடலாம். விதி எழுதப்படவில்லை என்றால், "இது என் விருப்பம், கட்டாயமில்லை" என்று மதிப்பாய்வாளர் தெளிவாகக் குறிப்பிட வேண்டும்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. பெயர் மாற்றங்களை நீக்கிவிட்டு, நான்கு வரித் திருத்தத்தை மட்டும் மீண்டும் அனுப்பினேன். 'டேட்டா' இப்போது 'ரெஸ்பான்ஸ்_பாடி'. 'டைம்அவுட்' என்பதை 'டைம்அவுட்_செகண்ட்ஸ்' என்று மாற்றிய பிறகுதான், அதற்கு நான் 5000 என்ற மதிப்பைக் கொடுத்திருந்ததைக் கவனித்தேன். ஐந்து நொடி என்று நினைத்து எழுதியது, ஏறத்தாழ 83 நிமிடம் காத்திருந்திருக்கும். அதையும் திருத்திவிட்டேன். பழைய அளபுருப் பெயர்களைப் பற்றித் தனியாக ஓர் இஷ்யூ (திட்டத்தின் விவாதப் பதிவு) திறந்திருக்கிறேன். அடுத்த பெரிய பதிப்பில், பழைய பெயரையும் எச்சரிக்கையோடு சில காலம் வைத்திருந்து மாற்றலாம் என்று பராமரிப்பாளர் பதில் எழுதியிருக்கிறார்.