ஸ்பெயினின் ஆளரவமற்ற மலைச் சாலைகளில் சைக்கிள்: வழியில் சந்தித்தவர்கள்

மேட்டுப்பாதை:

சைக்கிள்காரர்கள் குவிகிற மயோர்க்கா தீவைப் பற்றியும் ஜிரோனா நகரைப் பற்றியும் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது தெருவெல் மாகாணம். அரகோன் பகுதியின் தெற்கு ஓரம். சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 9 பேர்தான் வசிக்கிறார்கள். ‘தெருவெலும் இருக்கிறது’ என்ற பெயரிலேயே அங்கே மக்கள் ஓர் இயக்கம் தொடங்க வேண்டியிருந்தது என்றால் நிலைமை புரியும்.

போன மே மாதம் கர்காயோ பக்கம் காரை நிறுத்திவிட்டு ஏ-1702 சாலையைப் பிடித்தேன். எஹுல்வே, வியார்லுவெங்கோ வழியாகக் காந்தவியேஹா பக்கம் போகிற சாலை. சுற்றுலாத் துறையினர் இதற்கு ‘மௌனப் பாதை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் பொய்யில்லை. எஹுல்வே தாண்டி மஹலீனோஸ் கணவாய்க்கு ஏறும்போது, முதல் ஒரு மணி நேரத்தில் என்னைக் கடந்து போன வண்டிகள் மூன்று. செயின் சத்தமும் என் மூச்சும்தான் கூட வந்தன. கணவாய் தாண்டி இறங்கினால் ஓர்கனோஸ் தெ மொந்தோரோ. செங்குத்தான சுண்ணாம்புப் பாறைகள், தேவாலய ஆர்கனின் குழாய்களை வரிசையாக நட்டு வைத்ததுபோல நிற்கும். மேலே கழுகுகள் சிறகை அசைக்காமல் வட்டமடித்துக்கொண்டிருந்தன. பத்து நிமிடம் நின்று பார்த்தேன். அந்த இடத்தில் நிற்காமல் போகிறவர்களை என்னால் புரிந்துகொள்ள முடியாது.

அப்புறம்தான் தண்ணீர்ப் பிரச்சினை. நான் நம்பி வந்த பார் அன்று மூடிக் கிடந்தது. இரண்டு பாட்டிலும் காலி. அடுத்து வந்த சின்ன ஊரின் முகப்பில் கல் தொட்டி, அதில் இரும்புக் குழாயிலிருந்து கட்டைவிரல் தடிமனுக்குத் தண்ணீர் கொட்டுகிறது. குழாய்க்கு மேலே ஒரு சின்னத் தகடு: ‘சுத்திகரிக்கப்படாத நீர்’. குடிக்கலாமா வேண்டாமா என்று யோசித்தபடி நிற்கும்போது பின்னால் ஹாரன் சத்தம், விடாமல். என்னைத்தான் ஒதுங்கச் சொல்கிறார்கள் என்று திரும்பினால், அது ரொட்டி வேன். ஊரில் கடை கிடையாது. வேன்காரர் வந்து ஹாரன் அடித்ததும் ஒவ்வொரு கதவாகத் திறக்கிறது. துணிப்பையோடு ஐந்து பேர் வந்தார்கள், எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள்.

அதில் ஒரு பாட்டி என் காலி பாட்டிலைப் பார்த்தார். “எந்த ஊருப்பா நீ?” என்று கேட்டார். சொன்னேன். குழாயைக் காட்டி, “நாங்க பிறந்ததுலேருந்து இதைத்தான் குடிக்கிறோம். ஆனா உன் வயித்துக்கு இது பழக்கமில்ல” என்று சொல்லி, இரண்டு பாட்டிலையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போனார். திரும்பி வரும்போது பாட்டில்களோடு பாதி ரொட்டி. வெட்டிய பக்கத்தில் தக்காளியை அழுத்தித் தேய்த்து, எண்ணெய் ஊற்றி, மேலே உப்பு. எண்ணெய் வழிந்து என் கையுறை நனைந்துவிட்டது. அவர் முந்தானையைப் போலக் கட்டியிருந்த ஏப்ரனின் நுனியால் அதைத் துடைத்துவிட்டார். காசு என்ற பேச்சை எடுக்கவே விடவில்லை. அந்தக் கையுறையில் எண்ணெய்க் கறை இன்னும் இருக்கிறது. நான் அதை மாற்றவில்லை.

போகிறவர்களுக்கு ஒன்று: ‘குடிக்கத் தகாத நீர்’ என்று எழுதியிருந்தால் தொடவே வேண்டாம். ‘சுத்திகரிக்கப்படாத நீர்’ என்றால் ஊர்க்காரர்களிடம் கேளுங்கள். பகல் இரண்டு மணிக்கு மேல் ஐந்து வரை எந்தக் கதவும் திறக்காது என்று வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள். மேய்ச்சல் நாய்களும் உண்டு.

காலைக்காற்று:

படித்ததும் எனக்குத் தார்பெனா நினைவு வந்துவிட்டது. அலிகாந்தே மாகாணத்தில், கடற்கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே. கல்பே பக்கம் குளிர்காலத்தில் தொழில்முறை அணிகள் பயிற்சிக்கு வருவார்கள். அவர்கள் எல்லோரும் ஏறுகிற கோல் தெ ராத்தெஸ் கணவாயின் மறுபக்கம்தான் இந்த ஊர். பார்சென்ட்டிலிருந்து கணவாய் வரைக்கும் ஆறரை கிலோமீட்டர் போல. சீரான ஏற்றம், மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே மிதிக்கலாம். மேலே வந்ததும் பெரும்பாலானவர்கள் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். அங்கேதான் தவறு. நேராக இன்னும் கொஞ்சம் இறங்குங்கள்.

தார்பெனாவில் சொப்ரசாதா என்ற மிளகாய்த்தூள் போட்ட சிவப்புத் தொத்திறைச்சி பிரபலம். அதை ரொட்டியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து மேஜையில் இரண்டு பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பகுதியில் பேசுகிற வலென்சிய மொழி எனக்கு ஓரளவு வரும். ஆனால் இவர்கள் பேச்சில் ஏதோ ஒன்று காதில் உரசியது. பெயருக்கு முன்னால், ஆங்கில ‘the’ மாதிரி, ‘லா’ என்று வர வேண்டிய இடத்தில் ‘ஸா’ என்கிறார்கள். அது மயோர்க்கா தீவின் பேச்சு! தயங்கித் தயங்கிக் கேட்டேன். ஒருவர் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

1609இல் அரசர் ஆணைப்படி மொரிஸ்கோக்களை, அதாவது முஸ்லிமாக இருந்து கிறித்தவத்துக்கு மாற்றப்பட்டவர்களின் வழிவந்தவர்களை, இந்த மலைகளிலிருந்து கப்பலேற்றிவிட்டார்கள். பள்ளத்தாக்குகள் காலியாகிவிட்டன. அவற்றில் குடியேற்ற மயோர்க்காவிலிருந்து குடும்பங்களைக் கொண்டுவந்தார்கள். “நாங்க வந்தவங்க தம்பி, இன்னும் பேச்சு மாறல” என்றார் அந்தப் பெரியவர். நானூறு வருஷம்! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கிளம்பும்போது எதிரே மலைச்சரிவைக் காட்டினார். கல் அடுக்கிக் கட்டிய படிப்படியான வயல்கள், பாதியில் புதர் மண்டிக் கிடக்கின்றன. “அதைக் கட்டினவங்க நாங்க இல்ல. போனவங்க” என்றார். அதற்கு முன்னால் எத்தனையோ முறை அந்தச் சரிவுகளைக் கடந்திருக்கிறேன், ஒருமுறைகூட நின்று பார்த்ததில்லை.

மார்ச் கடைசியில் போனால் பக்கத்துக் காயினெரா பள்ளத்தாக்கில் செர்ரி பூத்திருக்கும். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மேட்டுப்பாதை, நாய்கள் என்று ஒரு வரியில் விட்டுவிட்டீர்களே? என் மனைவிக்கு அதுதான் பயம். விவரமாகச் சொல்லுங்கள்.

தூரப்பயணி:

சுருக்கமாக என்னுடையது. ஆண்டலூசியா, கிரசலேமா. ஸ்பெயினிலேயே அதிகம் மழை பெய்கிற இடங்களில் ஒன்று, வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டர் அளவுக்குப் பெய்யும். எனக்கு அது தெரியாது. தெற்கு ஸ்பெயின்தானே என்று மழைக்கோட்டு இல்லாமல் பக்கத்தில் சஹாரா என்கிற ஊரிலிருந்து பலோமாஸ் கணவாய் ஏறினேன். உச்சியில் மேகம் வந்து மூடிக்கொண்டது. இறக்கத்தில் விரல் மரத்துப் போய் பிரேக் பிடிக்கவே முடியவில்லை. வளைவுகளில் நடக்கிற வேகத்தில்தான் இறங்கினேன்.

என் பின்னால் ஒரு பழைய வெள்ளை வேன். ஹாரன் இல்லை, முந்தவும் இல்லை. இங்கே சைக்கிளை முந்தும்போது ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது சட்டம். ஆனால் சாலை நேரான இடங்களிலும் அவர் முந்தவில்லை. அபாய விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர் வரைக்கும் என் பின்னாலேயே வந்தார். அந்த மேகமூட்டத்தில் வேறு வண்டி என்னை இடித்துவிடக் கூடாது என்றுதான் அப்படி வந்தார் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. ஊர் எல்லையில் நன்றி சொல்லத் திரும்பினேன். அதற்குள் ஒரு சந்தில் திரும்பிவிட்டார். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

மேட்டுப்பாதை:

காலைக்காற்று, சரி, நாய் விஷயம். மஹலீனோஸ் ஏற்றத்தில் நடந்தது. ஒரு வளைவில் திரும்பினால் சாலை முழுக்க ஆடுகள், இருநூறாவது இருக்கும். நடுவிலிருந்து இரண்டு மாஸ்தீன் நாய்கள் குரைத்தபடி ஓடிவந்தன. ஒவ்வொன்றும் கன்றுக்குட்டி உயரம். மந்தையைக் காப்பதுதான் அவற்றுக்கு வேலை, நம்மைத் துரத்துவதல்ல. வேகமாக மிதித்துத் தப்பிக்கப் பார்த்தால்தான் ஆபத்து. இறங்கி, சைக்கிளை எனக்கும் நாய்க்கும் நடுவே நிறுத்திக்கொண்டேன். கையை ஓங்கவில்லை. சாதாரணக் குரலில் பேசிக்கொண்டே இருந்தேன், தமிழில்தான். என்ன பேசினேன் என்று நினைவில்லை. பெரியது பக்கத்தில் வந்து முன்சக்கரத்தை மோந்து பார்த்தது. அதன் மூச்சுக்காற்று என் முழங்காலில் பட்டது.

மேலே சரிவிலிருந்து ஒரு விசில். இரண்டும் அந்த நொடியே திரும்பிப் போய்விட்டன. மேய்ப்பர் நிதானமாக இறங்கி வந்தார். பயந்துவிட்டாயா என்றோ, நாய் கடிக்காது என்றோ ஒரு வார்த்தை இல்லை. கோலை ஊன்றிக்கொண்டு என்னையும் சைக்கிளையும் ஒருமுறை பார்த்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்:

“எஹுல்வேல பார் திறந்திருக்கா?”