வராத நோய்க்கு யார் செலவு செய்வார்கள்? சென்னைவாசிகள் நால்வரின் அனுபவங்கள்

கொசுத் தடுப்புப் பணியில் இருந்து ஓய்வுபெற்றவர், தண்டையார்பேட்டை

வடசென்னையில் வீடு வீடாகச் சென்று கொசுப்புழு பார்ப்பதே என் வேலையாக இருந்ததால், நோய்த் தடுப்புக்கு எவ்வளவு, சிகிச்சைக்கு எவ்வளவு என்ற பேச்சு எழுந்தாலே எனக்கு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிதான் நினைவுக்கு வருகிறது. மூடியைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்க்கும்போது, நீர்மட்டத்தை ஒட்டிக் கிடைமட்டமாகப் படுத்திருந்தால் அது மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசுவின் புழு. தலைகீழாகத் தொங்கினால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸாக இருக்கலாம். நம் ஊர் வெயிலில் முட்டை கொசுவாக மாறுவதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும் என்பதால், ஒவ்வொரு வீட்டையும் வாரந்தோறும் பார்த்தால்தான் பயன் உண்டு. ஏடிஸ் முட்டை, தண்ணீர் வற்றிய பிறகும் தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள் என்று வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறோம். கேட்டவர்களும் உண்டு, கதவையே திறக்காத அடுக்குமாடிக் குடியிருப்புகளும் உண்டு.

காய்ச்சல் கடுமையாகப் பரவிய ஓர் ஆண்டில் மருத்துவமனைகளில் தனி வார்டுகள் திறந்தார்கள், செய்தியாளர்கள் வந்தார்கள், எங்களுக்கும் கூடுதல் ஆட்கள் கிடைத்தார்கள். அடுத்த ஆண்டு காய்ச்சல் குறைந்ததும், நான் பணியாற்றிய மண்டலத்தில், நோய்தான் இல்லையே என்று காரணம் காட்டி அதே ஒப்பந்தப் பணியாளர்களைக் குறைத்தார்கள். வேலை ஒழுங்காக நடந்ததே ஆளைக் குறைப்பதற்குக் காரணமாகிவிட்டது. ஆராய்ச்சிக்கும் உயர் சிகிச்சைக்கும் கோடிகளைக் கொட்டுவதற்கு முன்னால் இந்த அடிப்படை வேலைக்கு நிரந்தர ஆட்களைப் போட வேண்டும் என்பதே என் வாதம்.

காசநோய் ஆய்வகத்தில் பணியாற்றியவர், சேத்துப்பட்டு

ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் ஆராய்ச்சியைச் சிகிச்சையோடு சேர்த்து ஒரே பக்கம் ஒதுக்கிவிடுவதை மட்டும் ஏற்க முடியவில்லை. எங்கள் துறையில் பயிற்சிக்கு வரும் இளைஞர்களுக்கு முதலில் சொல்லித்தரும் கதையே சேத்துப்பட்டுக் கதைதான். 1956இல் அங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டபோது, நோயாளியை சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையில் மாதக்கணக்கில் படுக்க வைத்து, நல்ல உணவும் ஓய்வும் கொடுத்தால்தான் குணமாகும் என்பது பொதுவான நம்பிக்கை. இத்தனை நோயாளிகளுக்குப் படுக்கை போட எந்த அரசாலும் இயலாது. நகரின் ஏழை நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு வீட்டிலேயே மாத்திரை கொடுத்தும், மற்றொரு பிரிவினரை சானடோரியத்தில் வைத்தும் ஒப்பிட்டுப் பார்த்ததில், இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு உணவும் ஓய்வும் குறைவு என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். கூடவே வசித்த குடும்பத்தினருக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. 1959இல் வெளியான இந்த முடிவு, உலகம் முழுவதும் காசநோய்க்குச் செலவிடும் முறையையே மாற்றியது. தாம்பரத்துக்கு அடுத்து சானடோரியம் என்றொரு ரயில் நிலையம் இருப்பதன் காரணம்கூட இன்று பலருக்குத் தெரியாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்றைய திருவள்ளூர்ப் பகுதியில், காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசியின் பயனை அறிய மிகப் பெரிய ஆய்வு ஒன்றைத் தொடங்கினார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்பதே அதன் முடிவு. குழந்தைகளைக் கடுமையான மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து அது காக்கிறது என்பதால்தான் பிறந்தவுடன் இன்றும் போடுகிறோம். தடுப்பு என்று பெயர் வைத்ததெல்லாம் தடுப்பதில்லை, ஐயா. எது தடுக்கும் என்பதைக் கண்டறிய ஆகும் செலவை நீங்கள் எந்தத் தலைப்பில் எழுதுவீர்கள்?

தனியார் பள்ளி ஆசிரியை, வில்லிவாக்கம்

என் தந்தைக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடக்கிறது. ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இல்லாதிருந்தால் எங்கள் நிலைமை என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. ஆகவே சிகிச்சைச் செலவைக் குறைத்துத் தடுப்புக்குத் திருப்ப வேண்டும் என்று யாராவது பேசினால், அந்தப் பணம் எந்தப் படுக்கையிலிருந்து எடுக்கப்படும் என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆனால் சிறுநீரக மருத்துவர் பழைய சீட்டுகளைப் புரட்டியபோது, சர்க்கரை நோய் இருந்த அத்தனை ஆண்டுகளிலும் சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று ஒருவரும் பார்க்கவில்லை என்பது தெரிந்தது. சிறுநீரகப் பாதிப்பைத் தொடக்கத்திலேயே காட்டும் மிக மலிவான பரிசோதனை அது. இப்போது மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து அம்மாவின் ரத்த அழுத்தத்தைப் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். இத்திட்டம் தொடங்கியது 2021 ஆகஸ்டில். அப்பாவுக்கு அது காலங்கடந்து வந்தது.

அரசுக் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர், மேற்கு மாம்பலம்

அம்மா, உங்கள் தந்தையின் சிகிச்சைப் பணத்தை யாரும் தொட மாட்டார்கள், தொடவும் முடியாது. கோப்புகளோடு பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன். நோயாளிக்குச் சிகிச்சை முடிந்து மருத்துவமனை செலவுத் தொகையைக் கேட்டுக் காப்பீட்டுக்கு விண்ணப்பம் அனுப்பினால், அதைக் கொடுத்தே ஆக வேண்டும். கொசு ஒழிப்புக்கோ பரிசோதனை முகாமுக்கோ உள்ள ஒதுக்கீட்டை அடுத்த காலாண்டுக்குத் தள்ளிவைத்தால் அன்றைக்கு யாரும் வாசலில் வந்து நிற்பதில்லை. நிதி நெருக்கடி வரும்போது எது வெட்டுப்படும் என்பதை யாரும் கூடிப் பேசி முடிவு செய்வதில்லை. தள்ளிவைக்கக் கூடியது தானாகவே வெட்டுப்படுகிறது. சுகாதாரத்துக்கான நிதியில் மூன்றில் இரண்டு பங்காவது ஆரம்ப சுகாதாரத்துக்குப் போக வேண்டும் என்று 2017 தேசிய சுகாதாரக் கொள்கை சொன்னது. அப்படிச் சொல்ல வேண்டிய தேவை வந்ததே இதனால்தான் என்று நினைக்கிறேன்.

இந்த மாநிலத்துக்கு ஒரு நல்ல வழக்கம் உண்டு. 1939இலேயே பொது சுகாதாரச் சட்டம் இயற்றிய மாகாணம் இது. மருத்துவமனைகளுக்கு ஓர் இயக்ககம், பொது சுகாதாரத்துக்குத் தனி இயக்ககம் என்று பிரித்து வைத்திருக்கிறோம். பணப்பை வேறாக இருப்பதால், ஒன்றன் அவசரம் மற்றொன்றை முழுவதுமாக விழுங்கிவிடுவதில்லை. இருந்தும் எங்கள் படிவங்களில் ‘பயனடைந்தோர் எண்ணிக்கை’ என்று ஒரு கட்டம் உண்டு. புழு ஒழிப்புச் செலவுக்கு அதில் எதை எழுதுவது என்று தெரியாமல், ஓர் அதிகாரி அந்த வட்டத்தின் மொத்த மக்கள்தொகையையும் எழுதி அனுப்பினார். பெயர்ப் பட்டியலை இணைக்குமாறு கேட்டுத் தணிக்கைக் குறிப்பு வந்தது.